2–3 என்று பின்தங்கியிருக்கும்போது டிராவை ஏற்க வேண்டுமா?

மூன்றாம் பலகை (இங்கிலாந்து)

சென்ற வாரம் சதுரங்க லீக் ஆட்டம் ஒன்றில் தோற்றேன். தோற்பது எனக்குப் புதிதல்ல. ஆட்டம் முடிந்த பிறகு அணியினர் பேசிய பேச்சுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. லீக் ஆடுபவர்கள் இங்கே பலர் இருப்பதால் கேட்கிறேன்.

இங்கிலாந்தின் கவுண்டி லீக்குகளைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். வார நாள்களில், மாலை ஏழரை மணிக்கு ஆட்டம். அணிக்கு ஆறு பேர், ஆறு பலகை. எங்கள் லீக்கில் ஆளுக்கு 75 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 விநாடி கூடுதல். பரிசுப் பணம் என்று ஒன்றும் கிடையாது. தேவாலயத்துக் கூடமோ பப்பின் மாடியறையோ வாடகைக்கு எடுத்திருப்பார்கள். தேநீரை அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். அலுவலகத்திலிருந்து நேராக வருபவர்கள் ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் குதிரையுமாக முதல் பத்து நகர்வுகளை ஆடுவார்கள். ஆனால் பத்து மணிக்கு மேல் அந்த அறையில் நிற்கும் அமைதியைப் பார்த்தால் உலகக் கோப்பை நடக்கிறதோ என்று தோன்றும்.

எனக்கு வெள்ளை. எதிரே பன்னிரண்டு வயதுச் சிறுமி. ரேட்டிங்கில் என்னைவிடச் சுமார் இருநூறு புள்ளி குறைவு. என்னிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக, யானை எண்ட்கேம் (ராஜா, யானை, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் இறுதிக்கட்டம்) வந்தது. ஆளுக்கு ஒரு யானை, ராஜா பக்கத்தில் எனக்கு நான்கு சிப்பாய், அவளுக்கு மூன்று. சரியாகத் தடுத்தால் டிரா என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அதே புத்தகங்கள்தான் 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் காபபிளாங்கா யேட்ஸை இதே வகை எண்ட்கேமில் வென்றதையும் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. அதாவது, அழுத்திப் பார்க்க இடம் உண்டு.

மற்ற ஐந்து பலகைகளும் முடிந்துவிட்டன. நாங்கள் 2, அவர்கள் 3. அந்த நேரத்தில் அவள் ஒரு நகர்வை வைத்துவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன், 'டிரா?' என்று கேட்டாள். ஏற்றால் 2½–3½, அணி தோற்றது தோற்றதுதான். கேப்டனைப் பார்த்தேன். உங்கள் விருப்பம் என்பதுபோல் தோளைக் குலுக்கினார். என்னிடம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது, அவளிடம் பன்னிரண்டு. யானையை நகர்த்தினேன்.

அதன்பின் அரைமணி நேரம். கூடுதல் சிப்பாயைத் திருப்பிக் கொடுத்து, ராஜாவை உள்ளே நுழைத்து, யானைகளை மாற்றிக்கொண்டேன். கடைசியில் பலகையில் மிஞ்சியவை நான்கே காய்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை): என் ராஜா சி6, என் சிப்பாய் இ4, அவள் ராஜா ஜி4, அவள் சிப்பாய் இ5. நகர்வு என்னுடையது. இது வெற்றி நிலை. ராஜா டி6-க்குப் போனால் வெற்றி. நான் டி5-க்குப் போனேன். அவள் எஃப்4-க்கு வந்தாள். இப்போது நகர வேண்டியவன் நான். எங்கே போனாலும் என் சிப்பாயைக் கைவிட்டுத்தான் போக வேண்டும். ஐந்தாறு நகர்வுகளில் கை கொடுத்துவிட்டேன். 2–4.

திரும்பும்போது காரில் நான்கு பேர். மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: 'டிராவை வாங்கியிருக்க வேண்டும்.' மறுநாள் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் அதே பல்லவி.

என் வாதம் இதுதான். டிராவை மறுத்தது ஒரு முடிவு. டி5-க்குப் போனது வேறொரு முடிவு. இரண்டுக்கும் நடுவே அரைமணி நேரமும் முப்பதுக்கு மேற்பட்ட நகர்வுகளும் இருக்கின்றன. மறுத்ததால் நான் வெற்றி நிலையை அடைந்தேன். அதன்பின் கோட்டைவிட்டேன் என்பது உண்மை. அதற்காக முதல் முடிவு எப்படித் தவறாகும்? டி6-க்குப் போயிருந்தால் இதே மூன்று பேர் காரில் என்ன பேசியிருப்பார்கள்?

---

யானையடி (கோவை)

யானைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! யானை எண்ட்கேமுக்கென்றே எழுதிவைத்த பழமொழி.

முழு ஆட்டத்தையும் போடுங்கள் சார். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

---

மூன்றாம் பலகை

முழு ஆட்டம் என்னிடம் இல்லை. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனதும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நகர்வுக்கு முப்பது விநாடி கூடுதல் இல்லாத ஆட்டங்களில் அதற்கு விதியே இடம் தருகிறது. அவள் மட்டும் கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி நிலை என் கண்ணைவிட்டுப் போகாததால் அதைச் சொல்ல முடிந்தது.

டி5 ஏன் கையில் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்திலிருந்து ராஜா தன் சிப்பாயையும் காக்கிறது, எதிரியின் சிப்பாயையும் தாக்குகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பார்ப்பதற்கு அதைவிட இயல்பான கட்டம் பலகையில் இல்லை. டி6 அப்படியல்ல, என் சிப்பாயை அம்போவென்று விட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போவதுபோல் இருக்கிறது. ஆனால் அங்கே போனால் அவள் எஃப்4-க்கு வரும்போது நான் டி5-க்கு வருவேன். நகர வேண்டியவள் அவள். அதே நிலை, நகர்வு மட்டும் மாறியிருக்கும். இதைப் பத்து விநாடியில் பார்க்க வேண்டும்.

---

கடிகாரப் பைத்தியம் (சென்னை)

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது.

'இரண்டும் வெவ்வேறு முடிவு' என்கிறீர்கள். டிரா கேட்கப்பட்டபோது உங்கள் கையில் என்னென்ன இருந்தன? ஒரு சிப்பாய் கூடுதல். சரி. மூன்று நிமிடம். அதையும் சேர்த்துத்தானே கணக்குப் போட வேண்டும்? பலகையில் இருக்கும் நிலையை மட்டும் பார்த்து 'அழுத்திப் பார்க்கலாம்' என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். எதிராளியிடம் உங்களைப்போல் நான்கு மடங்கு நேரம். பத்து பத்து விநாடியாக முப்பது நகர்வு ஆட வேண்டும் என்றால் எங்கேயாவது ஒரு டி5 வந்தே தீரும். வராமல் போவதுதான் அதிசயம்.

நான் வாரக் கடைசி டோர்னமென்ட்டுகளில் ஆடி ஆடிப் பட்டறிந்த பாடம் இது: மூன்று நிமிடம் இருக்கும்போது எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல் என்றால் எதிராளிக்குத்தான் சாதகம். ஏனென்றால் வென்றாக வேண்டும் என்ற சுமை என் தலையில். அவர் சும்மா யானையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தால் போதும்.

உண்மையில் நீங்கள் தோற்றது டிராவை மறுத்தபோதும் அல்ல, டி5-இலும் அல்ல. முதல் இருபது நகர்வுக்கு ஐம்பது நிமிடம் செலவழித்தீர்கள் பாருங்கள், அங்கேதான். (செலவழித்தீர்கள்தானே?)

---

மூன்றாம் பலகை

செலவழித்தேன். அதற்கும் இந்த இழைக்கும் சம்பந்தமில்லை!

---

ஆர்பிட்டர் மாமா (திருச்சி)

விதிகளைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்தப் பெண்பிள்ளை டிரா கேட்ட முறை மிகச் சரி. நகர்வை வைத்து, கடிகாரத்தை அழுத்துமுன் கேட்க வேண்டும். ஒருமுறை கேட்டால் திரும்பப் பெற முடியாது. எதிராளி ஏற்கும்வரை, வாயால் மறுக்கும்வரை, அல்லது நகர்த்தும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொடும்வரை அது செல்லும். ஆக, யானையின்மேல் கை வைத்த அந்தக் கணமே நீங்கள் மறுத்தாகிவிட்டது.

கேப்டன் விஷயம். அணிப் போட்டிகளில் 'டிரா கேளுங்கள்', 'டிராவை ஏற்றுக்கொள்ளுங்கள்', 'விட்டுக்கொடுங்கள்' என்ற அளவில் கேப்டன் சுருக்கமாகச் சொல்வது வழக்கம். பலகையில் இருக்கும் நிலையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. ஏற்கட்டுமா என்று ஆட்டக்காரர் கேட்டால் கேப்டனுக்கு மூன்று பதில்தான் உண்டு: ஆம், இல்லை, முடிவு உங்களுடையது. உங்கள் கேப்டனின் தோள் குலுக்கல் மூன்றாவது வகையில் சேரும். முடிவை உங்களிடம் விட்டவர்கள், பிறகு காரில் உட்கார்ந்து அதைக் குறை சொல்வது முறையல்ல. அவர் 'ஆம்' என்று சொல்லியிருந்தால் நீங்கள் ஏற்றிருப்பீர்கள் அல்லவா?

இன்னொன்று. இருநூறு புள்ளி குறைவானவரிடம் தோற்றால் ரேட்டிங்கில் என்ன போகும் என்று பலர் கேட்பார்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில், இருநூறு வித்தியாசத்துக்கு உயர்ந்தவர் ஓர் ஆட்டத்தில் எடுப்பார் என்று எதிர்பார்க்கும் புள்ளி 0.76. கே காரணி (அந்த எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கும் எண்) 20 என்றால் 15.2 புள்ளி இழப்பு. பதினெட்டு வயதுக்குட்பட்ட, 2300-ஐத் தாண்டாத பிள்ளைகளுக்கு கே காரணி 40. அதனால் எதிரே இருந்த பிள்ளைக்கு 30.4 வரவு. நாம் இழப்பதைப்போல் இரண்டு மடங்கு அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேகமாக ஏறுகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

மூன்றாம் பலகை

நன்றி மாமா. 'ஆம்' என்று சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் கை கொடுத்திருப்பேன். இதை அப்படியே குழுவில் போடப் போகிறேன்.

---

சதுரங்க அம்மா (சிங்கப்பூர்)

நான் ஆட்டக்காரி அல்ல. மகனைப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்பவள். ஆனாலும் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதல் பதிவில் உங்கள் கேப்டன் இருக்கிறார், காரில் வந்தவர்கள் இருக்கிறார்கள், காபபிளாங்காகூட இருக்கிறார். அந்தப் பெண்குழந்தை மட்டும் 'டிரா?' என்று கேட்டதோடு சரி. அவள் எஃப்4-க்கு வந்தாளே, அது தானாக நடந்ததா? கடைசிவரை எழுதிக்கொண்டே ஆடியவள், நகர்வுக்குப் பத்து விநாடி என்ற நெருக்கடியில் இருந்த பெரியவர் எதிரே பதறாமல் உட்கார்ந்தவள். நீங்கள் தோற்றீர்கள் என்பதன் மறுபக்கம் அவள் வென்றாள் என்பது.

பெரியவர்கள் என் மகனிடம் தோற்றுவிட்டுச் சொல்லும் வசனங்கள் எனக்கு மனப்பாடம். 'இன்றைக்குத் தலைவலி.' 'உன் நிலை மோசமாக இருந்தது, தெரியுமா?' 'நன்றாக ஆடினாய்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர் பத்தில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஒருவர் கை கொடுக்காமலே எழுந்து போனார். பிள்ளை கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தான்.

நீங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு அவளிடம் என்ன பேசினீர்கள்?

---

மூன்றாம் பலகை

அம்மா, நியாயமான கேள்வி.

கை கொடுத்தேன், வாழ்த்தும் சொன்னேன். பிறகு அவளே கேட்டாள், 'டி6 பார்த்தீர்களா?' என்று. அதாவது, நான் நகர்த்துவதற்கு முன்பே அவள் அதைப் பார்த்திருக்கிறாள். தோற்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் டி5-இல் ராஜாவை வைத்தபோதும் உடனே பாய்ந்து ஆடவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் எஃப்4.

பக்கத்து அறையில் காய்களை மறுபடி அடுக்கி வைத்துக் காட்டினாள். 'இதே நிலையில் நகர்வு என்னுடையது என்றால் நான் எஃப்4-க்குப் போக மாட்டேன், எஃப்3-க்குப் போவேன்' என்றாள். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. அவள் எஃப்3-க்குப் போனால் என் சிப்பாய் தாக்கப்படுகிறது. காக்க வேண்டுமென்றால் நான் டி5-க்கு வந்தாக வேண்டும். உடனே அவள் எஃப்4. நகர வேண்டியவன் நான். அதாவது அந்த நிலையில் யாருக்கு நகர்வோ அவருக்கு வெற்றி. ஆனால் பின்பக்கக் கட்டத்துக்குப் போகத் தெரிந்திருக்க வேண்டும். நேரே போய் உட்காருபவர் தோற்பார். எங்கே படித்தாய் என்றேன். 'பயிற்சியாளர் இருபது தடவை ஆட வைத்தார்' என்றாள்.

அவளுடைய அப்பா வெளியே கார் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் பள்ளிக்கூடம்.

---

சதுரங்க அம்மா

இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம். மகனிடம் அந்த நிலையை வைத்துக் காட்டினேன். அவனும் டி5-க்குத்தான் போனான். இப்போது அறையில் தனியாக உட்கார்ந்து ஆடிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

---

பழைய லண்டன்வாசி

1980-களில் நான் லண்டனில் லீக் ஆடியபோது இந்தச் சண்டைக்கே இடமில்லை. பத்தரை மணி அடித்தால் கூடத்தைப் பூட்ட ஆள் வந்துவிடுவார். முடியாத ஆட்டங்களை ஒரு தாளில் படம் வரைந்து, வலுவான ஆட்டக்காரர் ஒருவருக்குத் தபாலில் அனுப்புவார்கள். அவர் பார்த்து வெற்றி, தோல்வி, டிரா என்று தீர்ப்பு எழுதுவார். சில லீக்குகளில் ஆட்டத்தை ஒத்திவைத்து, நகர்வை உறையில் எழுதி ஒட்டி, இன்னொரு நாள் தொடர்வார்கள். உங்கள் நான்குக்கு மூன்று யானை எண்ட்கேம் என் காலத்தில் நடந்திருந்தால் தீர்ப்புக்காகத் தபாலில் போயிருக்கும். பத்து நாள் கழித்து 'டிரா' என்று பதில் வந்திருக்கும். நீங்களும் டி5-க்குப் போயிருக்க மாட்டீர்கள், அந்தப் பிள்ளையும் எஃப்4-க்கு வந்திருக்காது.

அது நல்ல முறை என்று சொல்ல வரவில்லை. நாற்பது நகர்வுவரை பதுங்கிக் கிடந்துவிட்டுத் தீர்ப்புக்காகக் காத்திருப்பவர்கள் கிளப்புக்கு இரண்டு பேர் இருந்தார்கள். பலகையில் ஆடி வெல்லத் தெரியாது. வழக்குப் போடுவதுபோல் கடிதம் எழுதி வெல்வார்கள். நகர்வுதோறும் விநாடி சேரும் கடிகாரத்துக்கு முன்னாள் உலகச் சாம்பியன் ஃபிஷர் 1980-களின் கடைசியில் காப்புரிமை வாங்கினார். 1992-இல் ஸ்பாஸ்கியுடன் மறுபடி ஆடியபோது அதைப் பயன்படுத்தினார். அது கிளப்புகள்வரை வந்துசேர இன்னும் பல காலம் பிடித்தது. ஆட்டத்தை ஆடியே முடிக்க வேண்டும் என்று ஆனதில் அந்தக் கடிகாரத்துக்கும் பங்கு உண்டு.

ரேட்டிங்கும் அப்போது மூன்று இலக்கம். 140 என்றால் கிளப்பில் மரியாதை உண்டு. 2020-இல் நான்கு இலக்கத்துக்கு மாற்றினார்கள்; ஏழரையால் பெருக்கி 700-ஐக் கூட்ட வேண்டும். என் 140 இன்று 1750. கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆட்டம் அதேதான்.

---

கரை ஒதுங்கியவன் (புதுச்சேரி)

மூன்றாம் பலகை சாருக்குத் துணையாக ஒரு பெரிய பெயரைக் கூப்பிடுகிறேன்.

2022, மாமல்லபுரம் ஒலிம்பியாட் (நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்கப் போட்டி). குகேஷுக்கு அப்போது பதினாறு வயது. இந்தியா 'பி' அணியின் முதல் பலகையில் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றிருந்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தான், எதிரே அப்துசத்தாரோவ். குகேஷ் வெற்றி நிலையில் இருந்தார். நேர நெருக்கடியில் தவறினார். டிரா கூட இல்லை, தோல்வி. போட்டி 2–2 என்று முடிந்தது. இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்கியது, நம் 'பி' அணிக்கு வெண்கலம். அந்த ஒரு ஆட்டத்தில் அரைப்புள்ளி கிடைத்திருந்தால் அந்தச் சுற்றை நாம் வென்றிருப்போம்.

அதற்காக அவர் வெற்றிக்கு ஆடியது தவறு என்று யாராவது சொல்வார்களா? 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டம், 6½–6½. குகேஷுக்குக் கறுப்பு, ஒரு சிப்பாய் கூடுதல், உலகமே டிரா என்று எழுதிவிட்ட நிலை. விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்வில் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகள் போயின, அடுத்து பிஷப்புகள் போயின, மிஞ்சியது ராஜாவும் சிப்பாயும். அதே மனிதர், அதே குணம். ஒருமுறை தோல்வியைக் கொடுத்தது, இன்னொருமுறை உலகப் பட்டத்தைக் கொடுத்தது.

---

கடிகாரப் பைத்தியம்

குகேஷை இழுக்காமல் இந்த மன்றத்தில் ஓர் இழையும் முடியாது என்று தெரியும்.

ஆனால் இரண்டு உதாரணங்களும் உங்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கின்றன. சிங்கப்பூரில் குகேஷுக்கு இழக்க எதுவுமே இல்லை. அந்த நிலையில் அவர் தோற்க வழியே கிடையாது, கஷ்டப்பட்டுத் தடுக்க வேண்டியவர் டிங். அப்படிப்பட்ட நிலையில் விடிய விடிய ஆடலாம். மாமல்லபுரத்தில் அப்படி அல்ல. கடிகாரம் கழுத்தைப் பிடித்திருந்தது, இரண்டு பக்கமும் விழ வாய்ப்பு இருந்தது. மூன்றாம் பலகை சார் எந்தப் பக்கம்? மூன்று நிமிடத்தோடு சிப்பாயைத் திருப்பிக் கொடுத்து, ராஜாவை உள்ளே அனுப்பியவர் மாமல்லபுரத்துப் பக்கம்தான்.

யானைகளை மாற்றாமல், கூடுதல் சிப்பாயோடு அப்படியே நின்று அழுத்தியிருந்தால் தோற்றிருக்க மாட்டீர்கள். ஐம்பது நகர்வு விதி (அத்தனை நகர்வுவரை சிப்பாய் நகராமலும் காய் வெட்டப்படாமலும் இருந்தால் டிரா கோரலாம்) வந்து டிரா ஆகியிருக்கும்.

---

மூன்றாம் பலகை

டிரா ஆகி என்ன பயன்? அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன். 2–3 என்று இருக்கும்போது டிரா என்பது தோல்விக்கு இன்னொரு பெயர். தனிநபர் டோர்னமென்ட் என்றால் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அங்கே அரைப்புள்ளி என்னுடையது, என் பையில் போட்டுக்கொண்டு போகலாம். லீக்கில் அந்த அரைப்புள்ளியால் என் ரேட்டிங்கைத் தவிர வேறு யாருக்கு என்ன லாபம்? ஐந்து பேர் கோட்டுகளை மாட்டிக்கொண்டு சுற்றி நிற்கிறார்கள். அவர்கள் கண்முன்னே டிராவுக்குக் கை கொடுப்பது, என் பதினைந்து புள்ளியைக் காப்பாற்றிக்கொண்டேன், கிளம்பலாம் என்று சொல்வதுபோல.

யானைகளை மாற்றாமல் இருந்திருந்தால் வெற்றி வாய்ப்பே வந்திருக்காது. மாற்றியதால்தான் அந்த நான்கு காய் நிலை வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, அவ்வளவுதான். கையை நீட்டியதே குற்றம் என்கிறீர்கள்.

---

அரைப்புள்ளிக்காரன் (டொராண்டோ)

அண்ணா, உங்கள் கணக்கில் ஒரு சின்னப் பிழை. உங்கள் லீக்கில் இரண்டு அணிகள் சமப் புள்ளியில் நின்றால் எப்படிப் பிரிப்பார்கள்? பெரும்பாலான லீக்குகளில் பலகைப் புள்ளிகளைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். 2½–3½ என்று தோற்பதும் 2–4 என்று தோற்பதும் ஒன்றல்ல. சீசன் முடிவில் கீழ் டிவிஷனுக்கு இறங்குவது யார் என்பதை அந்த அரைப்புள்ளி தீர்மானிக்கலாம்.

நான் யாழ்ப்பாணத்தில் பள்ளி அணிக்கு ஆடிய காலத்தில் எங்கள் மாஸ்டர் ஒன்றே ஒன்று சொல்வார்: அணி தோற்றுவிட்டாலும் பலகையை விட்டு வெறுங்கையோடு எழும்பாதே. அப்போது அது கருமித்தனமாகப் பட்டது. பிறகு ஒரு வருடம் அரைப்புள்ளியில் கோப்பை வந்தது. அந்த அரைப்புள்ளியை எடுத்தவன், அணி ஏற்கெனவே தோற்றுவிட்ட ஒரு நாளில் கடைசிப் பலகையில் இரண்டு மணி நேரம் தடுத்து ஆடியவன்.

---

மூன்றாம் பலகை

ஆமாம், எங்கள் லீக்கிலும் பலகைப் புள்ளிதான். அது நினைவில் இருந்தது. ஆனால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது தம்பி. நான் வென்றால் 3–3, அணிக்கு ஒரு புள்ளி உறுதி. டிரா செய்தால் பலகைப் புள்ளியில் அரை, அதுவும் ஏதாவது ஒரு சமநிலை ஏற்பட்டால் மட்டும் உதவும். உறுதியாக வரக்கூடிய ஒன்றையும், வந்தாலும் வரலாம் என்ற ஒன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

புள்ளிப்பட்டியல் கேப்டனின் கையில் இருந்தது. அந்த அரைப்புள்ளி அவ்வளவு அவசியம் என்றால் 'ஆம்' என்று தலையசைத்திருப்பார்.

---

ஆர்பிட்டர் மாமா

அதுவும் சரி. ஆனால் 'வென்றால்' என்ற சொல்லின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றுகிறீர்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அரைப்புள்ளிக்காரர் 'தீர்மானிக்கலாம்' என்கிறார். நீங்கள் 'வென்றால்' என்கிறீர்கள். இரண்டும் ஊகம்தான். நாலில் ஒரு முறை வெல்வோம் என்று தோன்றினால் ஆடலாம், பத்தில் ஒரு முறை என்றால் ஏற்கலாம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. பலகைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது நாலில் ஒன்றா பத்தில் ஒன்றா என்று எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

---

எல்லாம் தெரிந்த என்ஜின் (பெங்களூரு)

ஏழு காய்வரை உள்ள எல்லா நிலைகளையும் கணினிகள் கணக்கிட்டு முடித்தாகிவிட்டது. நான்கு காய் நிலையில் தவறுவதெல்லாம் ஒரு விவாதமா? பயிற்சி எடுங்கள்.

---

யானையடி

என்ஜினாரே, கணினி கணக்கிட்டுவிட்டது, சரி. இரவு பத்தே முக்கால் மணிக்கு, எட்டு மணி நேரம் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்த ஆளின் தலைக்குள் அதை யார் ஏற்றுவது?

---

பழைய லண்டன்வாசி

அப்படியே இன்னொன்று. பிள்ளைகளிடம் தோற்பதற்கு இங்கிலாந்தில் இப்போது யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஹாரோவில் வளரும் நம் தமிழ்க் குழந்தை போதனா சிவானந்தன் 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இங்கிலாந்து மகளிர் அணிக்காக ஆடியபோது வயது ஒன்பது. மறு ஆண்டு, பத்து வயதில், கிராண்ட்மாஸ்டர் ஒருவரையே வென்றாள். அப்படிப்பட்டவர்களும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கிளப்பின் மாடியறையில், நம்மைப்போன்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து தொடங்கியவர்கள்தான்.

---

கடிகாரப் பைத்தியம்

சரி, சமாதானமாக ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆட்டத்திலும் இதே 2–3, இதே மூன்று நிமிடம், இதே சிப்பாய் கூடுதல். டிரா கேட்கிறார்கள். என்ன செய்வீர்கள்?

---

மூன்றாம் பலகை

யானையை நகர்த்துவேன்.

வித்தியாசம் ஒன்று இருக்கும். அந்த நான்கு காய் நிலையை இந்த வாரம் முழுவதும் தினமும் இரவு மகளோடு ஆடிக்கொண்டிருக்கிறேன், இருபுறமும் மாறி மாறி. அவள் இரண்டாவது நாளிலேயே எஃப்3-ஐக் கண்டுபிடித்துவிட்டாள். அப்பா தோற்ற நிலை என்று சொல்லவில்லை. புதிர் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

மாமாவின் விளக்கத்தைக் குழுவில் போட்டேன். கேப்டன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருக்கிறார். அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலில் நான் நான்காம் பலகை. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்கிறார்.

---

யானையடி

அப்படியானால் இங்கேயும் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் சார்! அதிருக்கட்டும், முதல் இருபது நகர்வுக்கு ஐம்பது நிமிடம் பிடித்த அந்த ஓப்பனிங் எது என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?

---

மூன்றாம் பலகை

லண்டன் சிஸ்டம். யோசிக்காமல் ஆடலாம் என்பதற்காகவே எல்லோரும் தேர்ந்தெடுக்கும் ஓப்பனிங். இதற்கு மேல் கேட்காதீர்கள்.